பட்டையும் திண்டும்: அதிர்வு தாங்கும் அடுக்குகளின் வரலாறு

தமிழில் அம்பு எய்யும் கருவிக்கும் வண்டியின் ஸ்பிரிங்குக்கும் ஒரே பெயர்தான்: வில். அச்சுக்கும் வண்டிக்கூட்டுக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிப் பொருத்திய மாட்டுவண்டி, வில்வண்டி எனப்பட்டது. அச்சின் மேலேயே சட்டத்தை வைத்துக் கட்டிய கட்டைவண்டியில், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது எழும் குலுக்கல் குறையாமல் முதுகுத்தண்டுக்குப் போகும். அதனால்தான் கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்துப் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றினார்கள். வைக்கோலும் மெத்தைதான், ஆனால் கொஞ்ச தூரம் போவதற்குள் அமுங்கிச் சப்பையாகிவிடும், திரும்ப எழாது. வண்டிக்கு வேண்டியது, சுமையில் அமுங்கி, சுமை விலகியதும் பழைய உருவத்துக்கு வந்து, அப்படியே லட்சக்கணக்கான முறை எழுந்து அடங்கும் பொருள். எஃகும் ரப்பரும் அப்படிப்பட்டவை. மெல்லிய அடுக்குகளாகப் பிரித்த பிறகுதான் இரண்டும் பெரிய சுமைகளை ஏற்கப் பழகின. ஆனால் எஃகைப் பிரித்த காரணமும் ரப்பரைப் பிரித்த காரணமும் நேர் எதிரானவை.

எஃகுக்கு முன்பு தோலும் கயிறுமே இந்த வேலையைச் செய்தன. எகிப்தில் கி.மு. 14ஆம் நூற்றாண்டு அரசன் துத்தன்காமனின் கல்லறையில் கிடைத்த தேர்களின் தளம் பலகையால் ஆனதல்ல. கயிற்றுக் கட்டில் போலத் தோல் வார்களால் பின்னியது. ஐரோப்பாவில் பயண வண்டியின் பெட்டியைத் தடித்த தோல் வார்களில் தொங்கவிடும் வழக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. வார்களில் தொங்கும் பெட்டி குலுக்கலைக் குறைத்தது, ஆனால் ஊஞ்சல் போல ஆடியது. மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் வார் தளர்ந்துபோனது.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் எஃகு ஸ்பிரிங் வண்டிக்கு வந்தது. லண்டனில் ராயல் சொசைட்டியைச் சேர்ந்தவர்கள் வண்டிகளில் ஸ்பிரிங் வைத்துச் சோதித்துப் பார்த்ததை, சாமுவேல் பீப்ஸ் 1665 மே மாத நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதே சங்கத்தின் ராபர்ட் ஹூக், ஸ்பிரிங்கின் அடிப்படை விதியை 1676இல் எழுத்துகளை மாற்றிக் கோத்த புதிராக வெளியிட்டு, 1678இல் விடையைச் சொன்னார்: நீட்சி எவ்வளவோ, விசையும் அவ்வளவே. இரண்டு பங்கு சுமை ஏற்றினால் இரண்டு பங்கு வளையும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான், ஸ்பிரிங்கைக் கணக்கிட்டு வடிவமைக்க முடியும்.

கணக்கு கிடைத்தாலும் எஃகு கைகொடுக்கவில்லை. அக்கால எஃகு ஓரிடத்தில் கடினமாகவும் ஓரிடத்தில் மென்மையாகவும் இருந்தது. 1740களில் ஷெஃபீல்டு பகுதியில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் உருக்கி ஒரே சீரான எஃகு தயாரித்தார். அவர் கடிகாரம் செய்பவர். கடிகாரத்தின் ஸ்பிரிங்குக்கு நல்ல எஃகு கிடைக்காத குறைதான் அவரை உலைப் பக்கம் திருப்பியது.

நல்ல எஃகு கிடைத்தால் தடித்த ஒரே பட்டையாகப் போட்டுவிடலாமே, ஏன் அடுக்க வேண்டும்? ஒரு கனத்த நோட்டுப் புத்தகத்தை இரண்டு கைகளாலும் வளைத்துப் பார்த்தால் விடை தெரியும். புத்தகம் எளிதாக வளைகிறது. தாள்களின் ஓரம் சரிவாக நழுவுகிறது. அதே தாள்களைப் பசை போட்டு ஒரே அட்டையாக ஒட்டிவிட்டால் வளையாது. பட்டையின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். பத்து மடங்காக்கினால் ஆயிரம் மடங்கு. ஆனால் தனித்தனியான பத்துப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் விறைப்பு பத்து மடங்கே. ஆக, 8 மில்லிமீட்டர் பட்டைகள் பத்து கொண்ட அடுக்கு, 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே கட்டியைவிட நூறு மடங்கு இளக்கமானது. ஒரே அளவு வளைவுக்கு மெல்லிய பட்டையின் மேல்தோலில் ஏறும் இழுவையும் குறைவு. அதனால் அது உடையாமல் அதிகம் வளையும்.

பட்டைகள் மேலிருந்து கீழாக நீளம் குறைந்துகொண்டே போவதற்கும் காரணம் உண்டு. இரு முனைகளிலும் தாங்கி நடுவில் சுமை வரும்போது, வளைக்கும் விசை நடுவில் மிகுதி, முனைகளில் இல்லை. எனவே நடுவில் அகன்று முனைகளில் கூர்ந்த வைர வடிவத் தகடே பொருத்தமானது. அந்த அகலத் தகட்டை நீளவாக்கில் கீற்றுகளாக வெட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியதாகக் கொண்டால், அதுவே வண்டியின் அடியில் தெரியும் ஸ்பிரிங். அழகுக்காகப் படிப்படியாகக் குறைத்ததல்ல. இன்னொரு நுட்பமும் உண்டு. குட்டைப் பட்டைகளுக்கு நெட்டைப் பட்டையைவிடச் சற்று அதிக வளைவு கொடுக்கப்படும். கோக்கும்போது நடுவில் இடைவெளி விழும். சென்டர் போல்ட்டை முறுக்கி இடைவெளியை மூடினால் பட்டைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றும். சுமை ஏறுமுன்பே, நெட்டையான மெயின் பட்டைக்கு எதிர்த்திசையில் சிறு வளைவு கிடைத்துவிடும். இரு முனைகளிலும் கண் சுருட்டியிருப்பதும், பிரேக் பிடிக்கும்போது இழுபடுவதும் அந்தப் பட்டைதான் என்பதால் அதற்கு இந்தச் சலுகை.

அடுக்கு வில்லைக் குதிரை வண்டிக்கு முழுமையாகப் பொருத்திக் காட்டியவர் லண்டன் வண்டித் தச்சர் ஒபதையா எலியட். அதுவரை முன் அச்சையும் பின் அச்சையும் ஒரு கனத்த மரம் இணைத்தது. ஸ்பிரிங் அந்த மரச் சட்டத்தில் ஏறி உட்கார்ந்தது. 1804இல் எலியட் இரண்டு அடுக்கு வில்களை எதிரெதிராகக் கவிழ்த்து, மூடிய கண் போன்ற நீள்வட்டமாக்கி, நேரே அச்சின் மேல் வைத்தார். இணைக்கும் மரம் தேவையற்றுப் போனது. வண்டி எடை குறைந்து, தாழ்ந்து, குடைசாயும் பயமும் தணிந்தது.

சென்னையில் சிம்ப்சன் நிறுவனம் 1840இல் தொடங்கியது இத்தகைய குதிரை வண்டிகளைக் கட்டும் தொழிலாகத்தான். எஃகு வில் மாட்டுவண்டிக்கும் இறங்கியது. வில்வண்டி வசதி படைத்தவர்களின் வாகனமானது. ஆகவே அது யார் ஏறலாம், எந்தத் தெருவில் போகலாம் என்ற கேள்வியோடும் சேர்ந்தே வந்தது. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பொதுச் சாலைகளைப் பயன்படுத்தத் தடை இருந்த 1893இல், அவர்களில் ஒருவரான வெங்ஙானூர் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கி, தடை செய்யப்பட்ட சாலையிலேயே ஓட்டிச் சென்றார். ஸ்பிரிங் வைத்த ஒரு வண்டி கேரளத்தின் சமூக வரலாற்றில் அடையாளமாக நிலைத்தது இப்படி.

ரயிலுக்கு வில் இன்னும் அவசரமாகத் தேவைப்பட்டது. தொடக்ககால நீராவி இன்ஜின்கள் ஸ்பிரிங் இன்றி ஓடின. வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் அந்த அடியில் உடைந்தன. அவ்வளவு எடையைத் தாங்கும் எஃகு வில் அப்போது கைக்கு எட்டாததால், 1816இல் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் வில்லியம் லாஷும் கொதிகலனின் நீராவியையே மெத்தையாகப் பயன்படுத்தும் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார்கள். பதிமூன்று ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. 1829இல் ரெயின்ஹில்லில் நடந்த ரயில் இன்ஜின் போட்டியின் விதிகளிலேயே இன்ஜின் ஸ்பிரிங்குகளின் மேல் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். வென்ற ‘ராக்கெட்’ அடுக்கு வில்களில் நின்றது. 1852இல் பிரெஞ்சுப் பொறியாளர் எட்வார் பிலிப்ஸ் ரயில் வாகன ஸ்பிரிங்குகள் பற்றிய ஆய்வுரையில் பட்டைகளின் நீளம், தடிமன், முன்வளைவு ஆகியவற்றைக் கணிதமாக்கினார். பட்டறைக் கைப்பழக்கம் வடிவமைப்புக் கலையாக மாறியதில் அந்த ஆய்வுக்கு உரிய பெயர் இன்னும் கிடைக்கவில்லை.

இந்த அறிவு முழுவதும் இன்று நெடுஞ்சாலையோரத்துப் பட்டறைகளில் கைவேலையாக நடக்கிறது. நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரியைத் தூக்கி நிறுத்தி, யூ போல்ட்டுகளைக் கழற்றி, பட்டைகளைத் தரையில் வரிசையாகப் பரப்புவார்கள். உடைந்த பட்டையின் வாய் இரண்டு நிறமாக இருக்கும். ஒரு பகுதி வழவழப்பாகவும் துருவேறிக் கறுத்தும் தெரியும்: அது பல நாள்களாக மெல்ல மெல்லப் பரவிய விரிசல். மறுபகுதி சொரசொரப்பாகப் பளபளக்கும்: அது கடைசிப் பள்ளத்தில் ஒரே அடியில் போனது. விரிசல் தொடங்கிய இடம் பெரும்பாலும் துரு தின்ற சிறு குழியாகவோ, சென்டர் போல்ட்டின் துளை ஓரமாகவோ இருக்கும். பட்டைகள் நழுவும்போது எழும் உராய்வு, பள்ளத்துக்குப் பின் வண்டி துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குகிறது. ஆனால் கிரீஸ் வற்றித் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால், பசை போட்ட புத்தகத்தின் கதைதான். வில் நிமிரும்போது அதன் நீளம் கூடும் என்பதால், ஒரு கண்ணை நிலையாக மாட்டி, மறு கண்ணை ஆடும் இணைப்பான சேக்கிலில் தொங்கவிடுகிறார்கள்.

பட்டைக்குச் சிலிக்கானும் மாங்கனீசும் கலந்த எஃகைப் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி 400–500 டிகிரி வெப்பத்தில் பதப்படுத்துகிறார்கள். 1930களுக்குப் பின், ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் ஆல்மென் போன்றோரின் ஆய்வால், பட்டையின் மேல் சிறு எஃகுக் குண்டுகளை வீசியடித்து விரிசல் தொடங்காமல் தடுக்கும் முறை பரவியது. ஓய்ந்த பட்டை வீணாவதில்லை; அருவாளுக்கு லாரிப் பட்டையைவிட நல்ல இரும்பு இல்லை என்பது கொல்லர்களின் தீர்ப்பு. 1981இல் அமெரிக்காவின் கார்வெட் கார் பின்பக்க எஃகு அடுக்கை எடுத்துவிட்டு, அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எடையே உள்ள ஒற்றைக் கண்ணாடியிழைப் பட்டையைப் பொருத்தியது. சரக்கு வாகனங்களில் எஃகு அடுக்கின் ஆட்சி இன்னும் தொடர்கிறது.

ரப்பரின் கதை தாமதமாகத் தொடங்கியது. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அதை நிலைப்படுத்திய பின்னரே பொறியியலுக்குள் நுழைந்தது. 1840களிலேயே ரயில் பெட்டிகளின் பஃபர்களுக்கு ரப்பர் வளையங்களையும் இரும்புத் தகடுகளையும் மாற்றி மாற்றிக் கோத்தார்கள்.

ரப்பரைப் பற்றிப் பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு: அது அமுங்கிச் சுருங்கும் என்பது. உண்மையில் ரப்பரின் கன அளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. மேலே அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கி இடம் தேடுகிறது. பிதுங்க வழி இருந்தால் மென்மை. வழியை அடைத்தால் கல். 300 மில்லிமீட்டர் சதுரத்தில் 60 மில்லிமீட்டர் தடிமனான திண்டை எடுத்து, அதை 10 மில்லிமீட்டர் ஏடுகள் ஆறாகப் பிரித்து, நடுவில் எஃகுத் தகடுகளை ஒட்டினால், ஒவ்வோர் ஏடும் தகட்டின் பிடியில் பிதுங்க முடியாமல் நிற்கும். செங்குத்து விறைப்பு ஏறக்குறைய இருபது மடங்கு கூடும். ஆனால் பக்கவாட்டில் தள்ளினால், சீட்டுக்கட்டு சரிவதுபோல, முன்பிருந்த அதே மென்மையோடு சாயும். எஃகைப் பிரித்தது இளக்குவதற்கு. ரப்பரைப் பிரித்தது இறுக்குவதற்கு, அதுவும் ஒரே திசையில் மட்டும்.

பாலத்துக்கு வேண்டியது சரியாக இதுதான். 30 மீட்டர் கான்கிரீட் தளம் 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளும். சுமையை அசையாமல் தாங்கி, இந்த நகர்வுக்கு மட்டும் இடம் கொடுக்க வேண்டும். மெல்போர்னில் 1889இல் ஒரு ரயில் மேம்பாலத்தின் தூண்களுக்கு மேல் வைத்த ரப்பர் திண்டுகளை ஏறத்தாழ நூறாண்டு கழித்து ஆராய்ந்தபோது, வெளித்தோல் மட்டுமே கெட்டிருந்தது. உள்ளே ரப்பர் நலமாக இருந்தது. முன்னழுத்தக் கான்கிரீட்டின் தந்தை எனப்படும் யூஜீன் பிரெய்சினே 1954இல் ரப்பரும் எஃகும் ஒட்டிய அடுக்குத் திண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் லிங்கன் நகரின் பெல்ஹாம் பாலம் 1950களிலேயே அத்தகைய திண்டுகளில் நின்றது. மேம்பாலத் தூணின் தலையில், உத்திரத்துக்கு அடியில் கறுப்பாகத் தெரிவது அதன் வாரிசு. அதன் வெளிப்புறம் முழுக்க ரப்பர் போர்த்தியிருப்பது தகடுகளின் ஓரம் துருப்பிடிக்காதிருக்க.

1966இல் லண்டனில், சுரங்க ரயில் நிலையத்துக்கு மேலே கட்டிய ஆல்பனி கோர்ட் என்ற குடியிருப்பை ரயிலின் அதிர்வு எட்டாதபடி ரப்பர் திண்டுகளின் மேல் நிறுத்தினார்கள். நிலநடுக்கத்துக்கு எதிராக ரப்பரைப் பயன்படுத்திய முதல் முயற்சி ஸ்கோப்யே நகரில் நடந்தது. 1963இல் நிலநடுக்கத்தால் சிதைந்த அந்நகருக்குச் சுவிட்சர்லாந்து கட்டிக்கொடுத்த பெஸ்டலோசி பள்ளி 1969இல் ரப்பர் கட்டிகளின் மேல் எழுந்தது. அவற்றுள் எஃகுத் தகடு இல்லை. பள்ளியின் எடையிலேயே அவை பக்கவாட்டில் பிதுங்கின. அடுக்கு ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேறு இல்லை.

அடுத்த குறை, அலைவை அடக்கும் திறன். இயற்கை ரப்பர் வாங்கிய ஆற்றலைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடும். கட்டடம் ஆடிக்கொண்டே இருக்கும். நியூசிலாந்தின் வில்லியம் ராபின்சன் 1970களின் நடுவில் அடுக்குத் திண்டின் மையத்தில் ஈயக் கட்டையைச் செருகினார். ஈயம் நசுங்கி ஆற்றலை விழுங்கும், சாதாரண வெப்பத்திலேயே மீண்டும் தன் உள்கட்டமைப்பைச் சீராக்கிக்கொள்ளும். வெலிங்டனின் வில்லியம் கிளேட்டன் கட்டடம் அப்படிப்பட்ட திண்டுகளின் மேல் நின்ற முதல் கட்டடம். மலேசிய ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆய்வுச் சங்கம் வேறு வழியில் போனது: ரப்பரின் கலவையையே மாற்றி, ஆற்றலை உள்ளிழுக்கும் வகையை உருவாக்கியது. 1985இல் கலிபோர்னியாவின் ரேஞ்சோ குக்கமோங்கா நீதிமன்றக் கட்டடம் அதன் மேல் நின்றது. அந்தச் சங்கத்துக்கு அடித்தளமிட்ட மலாயா ரப்பர்த் தொழில், விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய தமிழ்த் தொழிலாளர்களின் முதுகில் எழுந்தது. ரப்பரின் வரலாற்றில் அவர்களுக்கும் ஓர் இடம் உண்டு.

இந்தியாவில், 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் இடிந்த புஜ் மருத்துவமனைக்குப் பதிலாகக் கட்டிய புதிய மருத்துவமனை ஈயம் செருகிய ரப்பர் திண்டுகளின் மேல் நிற்கிறது. திண்டுகள் இல்லாத குட்டையான கட்டடம் ஒருமுறை ஆடித் திரும்பும் நேரம் அரை நொடிக்குள். திண்டுகள் அதைச் சுமார் 2 நொடியாக நீட்டுகின்றன. தரை வேகமாக உதறும்போது மேலே உள்ள தளங்கள் மெதுவாகச் சாய்ந்து திரும்பும். அப்படிச் சாய இடம் வேண்டும் என்பதால், இத்தகைய கட்டடத்தைச் சுற்றி அடித்தளத்தில் அகலமான இடைவெளி விடப்படுகிறது. தண்ணீர்க் குழாய்களும் மின்கம்பிகளும் அந்த இடைவெளியைத் தாண்டும் இடத்தில் வளைந்து கொடுக்கும் இணைப்புகளோடு பொருத்தப்படுகின்றன. அந்த இடைவெளியில் கட்டுமானக் குப்பையைக் கொட்டி நிரப்பினாலோ, இரு பக்கத்தையும் சேர்த்துப் படி கட்டினாலோ, திண்டுகள் நகர முடியாது.