பயோகிளே

வைரஸால் வரும் பயிர்நோய்களைத் தடுக்க, இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை நானோ களிமண் தகடுகளில் ஏற்றி இலைமேல் தெளிக்கும் முறை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் நீனா மிட்டர் குழுவினர் உருவாக்கிய இம்முறை பற்றிய ஆய்வு 2017-இல் ‘நேச்சர் பிளான்ட்ஸ்’ இதழில் வெளிவந்தது.

ஆர்.என்.ஏ.வை வெறுமனே தெளித்தால் சில நாட்களிலேயே சிதைந்துவிடும். இந்தத் தகடுகள் நேர்மின்னேற்றம் உடையவை, எதிர்மின்னேற்றமுள்ள ஆர்.என்.ஏ. அவற்றை இறுகப் பற்றிக்கொள்கிறது, தண்ணீரில் எளிதில் கழுவப்படுவதில்லை. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடும் ஈரமும் பட்டுத் தகடு மெல்லச் சிதைய, ஆர்.என்.ஏ. சிறிது சிறிதாக இலைக்குள் சேர்கிறது. செடி அதைத் துண்டுகளாக்கி, அவற்றைக் கொண்டு அதே வரிசையுள்ள வைரஸ் ஆர்.என்.ஏ.வை இனங்கண்டு வெட்டுகிறது. செடியின் மரபணு மாறுவதில்லை.

சோதனையில் ஒருமுறை தெளித்ததே குறைந்தது 20 நாட்கள் காத்தது. தெளித்த பின் புதிதாகத் துளிர்த்த இலைகளுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. 2022-இல் வெளிவந்த ஆய்வில், வெள்ளை ஈ என்ற பூச்சிக்கு எதிராகவும் இம்முறை பயனளித்தது.