மலை இல்லாத ஊரில் மலைச் சைக்கிள்

1

'ஊர் சுற்றுதல்' என்பது தமிழில் வெகுகாலமாக ஒரு வசவு. 'வேலை வெட்டி இல்லாம ஊர் சுத்துறான்' என்று சொன்னால் அதில் பாராட்டு எதுவும் கிடையாது. யாத்திரை போகலாம், சந்தைக்குப் போகலாம், துக்கத்துக்குப் போகலாம், வயலுக்குப் போகலாம். 'சும்மா' மட்டும் போகக்கூடாது. அப்படியும் சும்மா போய்வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நிலம் இருந்தது. அந்த நிலத்தில் பாடுபட வேறு ஆட்கள் இருந்தார்கள்.

இன்று நகரத்து மத்தியதர வர்க்கம் சனி, ஞாயிறுகளில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கியர் சைக்கிளில் கிளம்புகிறது. இதை 'மேல்நாட்டு மோகம்' என்று ஒதுக்குவது சுலபம். ஒதுக்கும் முன் ஒன்று கேட்டுப் பார்க்கலாம். ஓர் உடல், காரணம் எதுவும் சொல்லாமல், ஒரு பாதையில் போய்வரும் உரிமை இந்தக் காவிரிப் படுகையில் யாருக்கு, எப்போது, எப்படிக் கிடைத்தது? நானும் நண்பர்கள் சிலரும் தஞ்சாவூரிலிருந்து கல்லணை, திருவையாறு என்று ஒரு சுற்று, இரண்டு நாள் சைக்கிளில் போய்வரத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தத் திட்டத்தையே ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியை வாசிக்க முயல்கிறேன்.

2

முதலில் வண்டி. தஞ்சை ஜில்லாவில் மலை கிடையாது. கோயில் கோபுரத்தை விட்டால் உயரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இங்கே எதற்கு மலைச் சைக்கிள் என்று கேட்பவர்கள் அந்த வண்டி பிறந்த கதையைப் பார்க்க வேண்டும். 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில், டமால்பைஸ் மலைச்சரிவுகளில், சில இளைஞர்கள் 1930, 40களில் செய்யப்பட்ட கனத்த பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து ஓட்டினார்கள். பருத்த டயர், ஒற்றைக் கியர், மிதியைப் பின்னால் மிதித்தால் நிற்கும் பிரேக். மேலிருந்து கீழே வருவதற்குள் சக்கரக் குடத்தின் கிரீஸ் புகைந்து தீர்ந்துபோகும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே 1976இல் தொடங்கிய அவர்களுடைய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. 1977இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே தனிச் சட்டகம் செய்தார். 1981இல் 'ஸ்டம்ப்ஜம்பர்' ஆலை உற்பத்தியாகச் சந்தைக்கு வந்தது. வேலைக்காகச் செய்த ஒரு பொருள் விளையாட்டுக்கு உரியதாகி, பிறகு விலையுயர்ந்த சரக்காகத் திரும்பி வந்த வரலாறு இது.

நம் ஊர் 'டபுள் பார்' சைக்கிளும் அந்தப் பழைய வண்டிகளுக்குத் தூரத்து உறவுதான். 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற கம்பெனிகள் செய்த கறுப்பு வண்டிகள் நெல் மூட்டை, பால் கேன், வாழைத்தார், தவிட்டுச் சாக்கு எல்லாவற்றையும் வண்டல் மண் வரப்போரத்தில் சுமந்தன. மலைச் சைக்கிள் செய்யும் காரியத்தை அவை மலைச் சைக்கிள் என்ற பெயரில்லாமல் செய்துகொண்டிருந்தன. என்ன வித்தியாசம் என்றால், அதை ஓட்டியவனை யாரும் 'சாகசக்காரன்' என்று சொன்னதில்லை. பாரத்தை இறக்கிவைத்த பிறகுதான் சைக்கிள் 'அனுபவம்' ஆகிறது.

3

இனிப் பாதை. முதல் நாள் தஞ்சாவூரில் கல்லணைக் கால்வாயின் கரையில் ஏறி, பூதலூர் வழியாக எதிர்த்திசையில் கல்லணை. இரவு திருக்காட்டுப்பள்ளி. மறுநாள் காவிரிக் கரையோடு திருவையாறு. அங்கே ஓர் அசோகா அல்வா. பிறகு கண்டியூர் வழியாகத் தஞ்சாவூர். எல்லாம் சேர்த்து 100 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். கடைசித் துண்டில் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து பாலம் வரிசையாக வரும். ஊரின் பெயரை மிதித்தே எண்ணிவிடலாம்.

இந்தக் கரைகள் உல்லாசத்துக்காகப் போடப்பட்டவை அல்ல. கரிகாலன் பெயரோடு சேர்ந்த கல்லணை, 1830களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணை, 1934இல் மேட்டூர் அணையோடு முடிந்த கல்லணைக் கால்வாய் (ஜனங்கள் வாயில் இன்றும் 'புது ஆறு') - ஒவ்வொன்றும் தண்ணீரை அளந்து, பங்கிட்டு, வரி வாங்கும் அதிகாரத்தின் கட்டுமானம். கரைமேல் பாதை இருப்பது அதிகாரியின் ஜீப் போக. மதகைத் திறந்து மூட லஸ்கர் போக. கப்பல்காரனைக் குறித்த சொல் எப்படியோ பொதுப்பணித் துறையின் கடைநிலை ஊழியனிடம் வந்து தங்கிவிட்டது. சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு ராத்திரி நேரத்தில் டார்ச் வெளிச்சத்தில் கரையில் சைக்கிள் மிதித்த அந்த லஸ்கர்தான் டெல்டாவின் முதல் கரைப்பாதைச் சைக்கிள்காரர். அவருக்கு அது பொழுதுபோக்கு இல்லை, டியூட்டி.

சுற்றுப் பாதை என்ற எண்ணம் மட்டும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சித்திரையில் நடக்கும் ஏழூர்த் திருவிழாவைப் பாருங்கள். திருவையாற்றில் கிளம்பும் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிக்குடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் என்று போய், அந்தந்த ஊர்ப் பல்லக்குகளையும் சேர்த்துக்கொண்டு மறுநாள் திரும்புகிறது. நந்தி கல்யாணத்துக்குச் சோறு சோற்றுத்துறையிலிருந்து, பூ பூந்துருத்தியிலிருந்து, நெய் நெய்த்தானத்திலிருந்து, பழம் பழனத்திலிருந்து வந்ததாகக் கதை. அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தப் புறப்பாடு. நல்ல கதை. ஆனால் நெல் விளைந்தது யார் கையால் என்பதற்கு இந்தக் கதையில் ஊர் இல்லை. ஆக, படுகையில் ஒரு நாள் போய் மறுநாள் திரும்பும் உரிமை முதலில் சாமிக்கு இருந்தது. தோள் கொடுத்தவர்களுக்கு இருந்தது பாரம்.

4

வெளி என்பது வெறுமனே கிடக்கும் இடமல்ல, சமூக உறவுகளால் உற்பத்தி செய்யப்படுவது என்று ஹென்றி லெஃபெவ்ர் 1974இல் எழுதினார். தஞ்சை மாவட்டத்தின் பண்ணையாளுக்கு இதைப் புத்தகம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்த பண்ணையில் அவனுடைய நேரமும் பண்ணைக்கு உரியது. 1940களின் விவசாயச் சங்கப் போராட்டங்களுக்கும் 1952ஆம் வருடத்துப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்துக்கும் பிறகுதான் அந்த நேரத்தில் ஒரு கீறல் விழுந்தது. கூலி கேட்டதற்கு விலையாக 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். இந்தத் தேதிகளை விட்டுவிட்டு இங்கே 'ஓய்வு' பற்றிப் பேசமுடியாது.

சைக்கிள் இந்தக் கீறலுக்குள் நுழைந்தது. முதலில் வாடகைச் சைக்கிளாக. மட்கார்டில் நம்பர் எழுதிய வண்டி, மணிக்கு இவ்வளவு என்று வாடகை. அந்த ஒரு மணி நேரம் கூலிக்காரப் பையனுக்குச் சொந்தம். எங்கே போனாய் என்று கடைக்காரர் கேட்கமாட்டார். ஆனால் வண்டியைக் கொடுக்குமுன் ஒரு கேள்வி கேட்பார்: 'நீ யாரு வூட்டுப் புள்ள?' இதற்கு என்ன பதில் எதிர்பார்க்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், நிற்பவனுக்கும் தெரியும். வண்டி கிடைத்தாலும் தெரு கிடைக்காது. தமிழகத்தின் பல ஊர்களில் தலித்துகள் ஊர்த்தெருவுக்குள் சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும், செருப்பைக் கழற்றிக்கொள்ளவேண்டும். இருக்கையின் உயரம் எவ்வளவு? ஒரு ஆள் இடுப்பளவு. அந்த உயரத்தைத்தான் சாதியால் சகிக்க முடியவில்லை. தஞ்சாவூருக்கு மலை இல்லை என்று சொன்னேனே, மிதித்து ஏறமுடியாத மேடு இங்கே தட்டையான தெருவில் இருந்தது.

பெண்களின் கதை பக்கத்து மாவட்டத்தில் திரும்பியது. 1974இல் தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்களிலிருந்து பிரிந்த புதுக்கோட்டையில், 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரிப் பெண்கள், கூலிப் பெண்கள், ஆயாக்கள் என்று ஆயிரக்கணக்கில் மிதித்தார்கள். லேடீஸ் சைக்கிளைவிட ஆண்கள் ஓட்டும் வண்டியையே பலர் விரும்பியதை அங்கே சென்ற பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! பிறகு அரசின் விலையில்லா சைக்கிள். 2001-02இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கு எனத் தொடங்கிப் பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த திட்டம். இதைத் தேர்தல் இலவசம் என்று கேலி செய்பவர்கள், அந்தி நேரத்தில் திருவையாற்றுப் பாலத்தின்மேல் நாலைந்து பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு, நேரே வீட்டுக்குப் போகாமல், சைக்கிளைச் சாய்த்துவைத்து ஆற்றைப் பார்த்தபடி பேசிக்கொண்டு நிற்பதைப் பார்க்கட்டும். திட்டத்தின் அரசாணையில் இல்லாத பயன் அது. சும்மா நிற்பது.

5

அப்படியானால் எங்கள் இரண்டு நாள் திட்டம்? அதைக் கைவிடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதே கரையில், அதே வேகத்தில், தலைக்கவசத்தோடு போகும் எங்களை மதகடியில் உட்கார்ந்திருப்பவர்கள் 'எங்க சார் இவ்ளோ தூரம்?' என்று விசாரிப்பார்கள். சேரிப் பையன் பழைய வண்டியில் பக்கத்து ஊர்க் கரையில் காரணமில்லாமல் போனால் கேள்வி வேறு மாதிரி வரும். அந்த இரண்டு கேள்விகளும் ஒன்றாகும்வரை எங்கள் உல்லாசம் ஒரு சலுகைதான். அதைத் தெரிந்துகொண்டு போவது ஒரு மாதிரி, தெரியாமல் போவது இன்னொரு மாதிரி.

மாதம் தை முடிவு அல்லது மாசி என்று வைத்திருக்கிறோம். ஜனவரி கடைசியில் மேட்டூரை மூடிவிடுவார்கள், அறுவடையும் அப்போதுதான். மழைக்காலத்தில் போனால் களிமண் மட்கார்டில் அப்பி சக்கரம் சுற்றாது. காய்ந்தால் வெடித்த மண். அதற்குப் பருத்த டயர் சௌகரியம். ஆனால் அந்த மாதங்களில் ஊர்ச்சாலையில் பாதி களமாகிவிடும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குமேல் இருந்தால் நெல்லை எடுக்கமாட்டார்கள் என்று தாரின்மேல் நெல்லைப் பரப்பி, காலால் அளைந்துவிட்டபடி பெண்கள் நிற்பார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப்போகும். அவர்கள் மறுபடி கூட்டி ஒதுக்குவார்கள். எங்கள் திட்டத்தில் நேரக் கணக்கு எழுதும்போது இதற்கென்று ஒரு மணி நேரம் கூடுதலாகப் போட்டிருக்கிறேன். நெல் கிடக்கும் இடங்களிலெல்லாம் நாங்கள் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கவேண்டும்.