இணையத்தில் ஏறிய தமிழெழுத்து

ஓலையிலே எழுத்தாணி கொண்டு எழுதப்பட்டு வந்த தமிழ், 1578ஆம் ஆண்டிற் கொல்லத்தில் அச்சிடப்பெற்ற தம்பிரான் வணக்கம் என்னும் நூலின் வாயிலாக அச்சுருவம் எய்திற்று. அச்செழுத்தை வார்த்தவர் யாவரேயாயினும், அவ்வெழுத்தை எழுத்தறிந்தோர் அனைவரும் படித்தல் கூடும். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், இணையம் பரவத் தொடங்கிய காலத்தில், இந்நிலை பிறழ்ந்தது. எழுதினார் கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றியது, பெற்றார் கண்ணுக்கு வெறுங் குறிகளாய்த் தோன்றிற்று.

இதற்குக் காரணம் யாது? கணினி எழுத்தின் வடிவத்தைச் சேமிப்பதன்று. அதற்குரிய எண்ணையே சேமிப்பது. 1963இல் அமெரிக்காவில் வெளியான அஸ்கி என்னும் குறியீட்டு முறையில் இருந்த இடங்கள் 128 மட்டுமே. அவை ஆங்கிலத்தை நோக்கி வகுக்கப்பட்டவை. பின்னர் இடங்கள் 256 ஆகப் பெருகியபோதும், 247 எழுத்துக்களையுடைய தமிழ், ஆங்கிலத்தோடு ஒருங்கே அவற்றுள் அடங்குதல் அரிதாயிற்று. ஆகவே எழுத்துருச் செய்தோர் ஒவ்வொருவரும் தத்தமக்கு ஏற்றவாறு தமிழ் வடிவங்களை இடம்மாற்றி அமைத்தனர். ஈழத்தவர் பெரிதும் கையாண்ட பாமினி என்னும் எழுத்துரு, ஆங்கில எழுத்துக்களின் இடங்களிலேயே தமிழ் வடிவங்களை நிறுத்தியது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஒரு கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். தேடுதலும் அகரவரிசைப்படுத்தலும் அவ்வாறே தடைப்பட்டன.

இக்குறையை நீக்க முயன்றோர் பல நாடுகளிற் சிதறி வாழ்ந்த தமிழரேயாவர். 1995இல் சிங்கப்பூரிலே நா. கோவிந்தசாமி முதலானோரின் முயற்சியாற் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் இடம்பெற்றன. 1997இல் அந்நகரிலேயே தமிழ் இணைய மாநாடு கூடியது. மின்னஞ்சல் வழியே ஆராய்ந்து திஸ்கி என்னும் பொதுக் குறியீட்டை அன்பர் பலர் வகுத்தனர். சுவிற்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, 1998 தைப்பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றுப் பழந்தமிழ் நூல்கள் இணையத்தில் ஏறலாயின. 1999இல் சென்னையிற் கூடிய மாநாடு டாம், டாப் என்னும் குறியீடுகளையும் ஒரு பொது விசைப்பலகையையும் பரிந்துரைத்தது.

இதற்கு முன்னரே, 1991இல், உலக மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான யூனிக்கோட் தமிழுக்கும் 128 இடங்களை வகுத்திருந்தது. அவ்வமைப்பு இந்திய அரசின் 1988ஆம் ஆண்டுக் குறியீட்டைத் தழுவியது. தேவநாகரி வரிசையை அடியொற்றியது. ஆதலின் னகரம் நகரத்தின் பின்னும், றகரம் ரகரத்தின் பின்னும் நின்றன. மெய்யோடு அகரம் சேர உயிர்மெய் பிறக்கும் என்பது தமிழிலக்கணம். அங்கோ ககரத்தின் மேற் புள்ளியிடவே மெய் பிறக்கின்றது. இம்முறை பொருந்தாதென அறிஞர் பலர் வாதிட்டனர். எனினும் விண்டோஸ் 2000 முதலிய இயங்குதளங்கள் அதனை ஏற்றமையால் அதுவே நிலைத்தது. 2010இல் தமிழ்நாட்டரசும் அதனை ஏற்று, டேஸ் 16 என்னும் குறியீட்டையும் உடன் அங்கீகரித்தது.

இவ்வரலாறு உணர்த்துவன இரண்டு. குறைவற்ற பல முறைகளினும் குறையுடைய பொதுமுறை ஒன்றே மொழிக்குப் பயன்தரும் என்பது ஒன்று. விதி வகுக்கப்படும் அவையிற் தொடக்கத்திலேயே இடம்பெறாத மொழி, பிறர் வகுத்த விதிக்கு இயைந்தே ஒழுகவேண்டும் என்பது மற்றொன்று. ஓலையைக் கறையான் அரித்தது போலப் பழைய குறியீடுகளில் எழுதப்பட்டவற்றை மறதி அரித்து வருகின்றது. அவற்றைப் பொதுமுறைக்கு மாற்றிக் காத்தல் இக்காலத்தார் கடனாகும்.