கொசு விட்டார்கள், சொல்ல மறந்தார்கள்

டிங்கிக் காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய்க் கேளுங்கள். கொசுவை ஒழிக்க எந்த வழியாக இருந்தாலும் சரி என்பார்கள். ஆனாலும் ஒரு கொசு நம் நாட்டில் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது.

2010 டிசம்பர் 21. பகாங் மாநிலம் பெந்தோங் அருகே, ஆளில்லாத காட்டில், மருத்துவ ஆய்வுக் கழகம் மரபணு மாற்றப்பட்ட சுமார் 6,000 ஆண் ஏடிஸ் கொசுக்களைப் பறக்கவிட்டது. ஆண் கொசு கடிக்காது. அது பெண் கொசுவுடன் கூடினால், பிறக்கும் புழுக்களில் பெரும்பாலானவை வளருமுன்பே மடிந்துவிடும். இதுதான் திட்டம்.

2007ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியும் பெறப்பட்டிருந்தது. ஆனால், கொசு விட்ட செய்தி மக்களுக்குத் தெரிந்ததோ 2011 ஜனவரிக் கடைசியில்தான்! காலஞ்சென்ற எஸ்.எம். முகமட் இட்ரிஸ் தலைமையில் இயங்கிய நமது பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதுபோன்ற சோதனையை எதிர்த்துக் குரல் கொடுத்தது. மறைத்துச் செய்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

2017இல் சிலாங்கூரில் வேறொரு முயற்சி. மரபணுவைத் தொடாமல், வொல்பாக்கியா எனும் நுண்ணுயிரைச் சுமந்த கொசுக்கள். இம்முறை முன்கூட்டியே குடியிருப்பாளர்களிடம் விளக்கி, சம்மதம் கேட்டார்கள். அங்கே டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் ஆய்வு வெளிவந்தது.

நேயர்களே, நாளை உங்கள் தாமானுக்கும் இப்படியொரு திட்டம் வரலாம். பயந்து கதவைச் சாத்தாதீர்கள். என்ன செய்கிறீர்கள், தவறினால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். அது நம் உரிமை.