கிராமத்திற்கென்று பயின்றவர்கள்: கொங்கு நாட்டு வரலாறு ஒன்று நமக்குக் கற்பிப்பது

காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களின் சிற்றூர்களில் விடியற்காலையிலேயே பனியன் கம்பெனிகளின் பேருந்துகள் வந்து நிற்கின்றன. அவை சென்றபின் ஊரில் எஞ்சுவோர் முதியோரும் சிறு பிள்ளைகளுமே. மாடுகள் மேய்ந்த கொரங்காடுகளில் பல ஆளின்றிக் கிடக்கின்றன. அவ்வூர்களில் பணிபுரியும் ஆயர்கள் ஒரே குறையை நம்மிடம் திரும்பத் திரும்பச் சொல்கின்றனர். படித்தவர் எவரும் ஊரில் தங்குவதில்லை என்பதே அக்குறை.

இக்குறை புதிதன்று. நலிந்துவரும் கிராமங்களுக்கு உயிரூட்டப் பயிற்சி பெற்ற மாந்தரை உருவாக்க வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் ஏறத்தாழ நூறாண்டுகளாக இருந்துவருகிறது. அவ்வெண்ணத்தைச் செயற்படுத்தியவர்களில் திருச்சபையைச் சேர்ந்தோரும் உண்டு. திருப்பூர் மண்ணில் பிறந்தோரும் உண்டு. அவர்கள் எதில் வென்றனர், எதில் தடுமாறினர் என்று ஆராய்வது, ஊழியரைப் பயிற்றுவிக்கும் நமக்கு இன்றியமையாதது.

1. மார்த்தாண்டம் காட்டிய வழி

சேலத்தில் 1876இல் பிறந்த கே. டி. பால், ஒய்.எம்.சி.ஏ. என வழங்கும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் தேசியப் பொதுச் செயலாளராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியர். நகர மாணவரிடையே வளர்ந்த அச்சங்கத்தைக் கிராமத்தின் பக்கம் திருப்பியவர் அவரே. கடன் சுமையில் அமிழ்ந்திருந்த கிராமக் கிறிஸ்தவருக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைப்பதில் அப்பணி தொடங்கிற்று. பின்னர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்க வேளாண் அறிஞர், அன்றைய தென் திருவிதாங்கூரைச் சார்ந்த மார்த்தாண்டத்தில் 1920களில் கிராமப் புனரமைப்பு நிலையம் ஒன்றை நிறுவினார். கோயம்புத்தூரை அடுத்திருந்த இராமநாதபுரத்திலும் அத்தகைய நிலையம் ஒன்று இயங்கியது.

மார்த்தாண்டத்தின் பயிற்சி முறை எளியது. கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, முட்டையைக் கூட்டுறவு முறையில் விற்றல் ஆகியவை செய்முறையாகக் கற்பிக்கப்பட்டன. ஆண்டுதோறும் சில வாரங்களுக்குப் பயிற்சிப் பள்ளி நடந்தது. அதற்கு வந்தோருள் பலர் ஏற்கெனவே கிராமங்களில் வாழ்ந்த ஆசிரியர்களும் உபதேசியார்களும் ஊழியர்களும் ஆவர். அவர்களுக்குப் பட்டம் எதுவும் வழங்கப்படவில்லை. கற்றதை அடுத்த மாதமே தம் ஊரில் செய்து பார்த்தனர். குமரி மாவட்டத்தில் தேனீ வளர்ப்பு இன்றும் ஒரு பிழைப்பாக நிலைத்திருப்பதில் அப்பணிக்குப் பங்குண்டு.

1929-30இல் இந்தியாவிற்கு வந்த வேளாண் கல்வி அறிஞர் கெனியன் பட்டர்ஃபீல்டு, மிஷன் பணிகளை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அருகருகே அமைந்த சில ஊர்களை ஒரு தொகுதியாகக் கொண்டு, அங்கே சபையும் பள்ளியும் மருத்துவமும் உழவும் இணைந்து செயற்பட வேண்டும் என்பது அவர் பரிந்துரை. இறையியல் கல்லூரிகளில் பயில்வோர் கிராமப் பொருளாதாரம் அறிந்திருக்க வேண்டும் என்ற கருத்தும் அக்காலத்தே வலுப்பெற்றது.

2. திருப்பூரில் பிறந்த ஒருவரின் கனவு

தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1903இல் திருப்பூரில் பிறந்தார். சட்டம் பயின்ற அவர் விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1930இல் கோயம்புத்தூரில் ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தைத் தொடங்கினார். பின்னர் அது பெரியநாயக்கன்பாளையத்தில் வேரூன்றியது. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த அவரைத் திருப்பூர்த் தொகுதி 1952இல் மக்களவைக்கு அனுப்பியது.

இதே காலத்தில் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949இல் அறிக்கை அளித்தது. கிராமத்திற்கெனத் தனிப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று அது வலியுறுத்தியது. அக்குழுவின் உறுப்பினரான ஆர்தர் மார்கன் என்ற அமெரிக்கரின் சிந்தனை அப்பகுதியில் மிகுதியாக உண்டு. அதன் விளைவாக 1956இல் நாட்டின் பல பகுதிகளில் கிராமிய உயர்கல்வி நிறுவனங்கள் தோன்றின. அவற்றுள் இரண்டு தமிழ்நாட்டில் அமைந்தன: ஒன்று பெரியநாயக்கன்பாளையத்து வித்யாலயத்தில், மற்றொன்று டாக்டர் சௌந்தரமும் கோ. இராமச்சந்திரனும் 1947இல் சின்னாளப்பட்டி அருகே நிறுவிய காந்திகிராமத்தில்.

இங்கே கிராமிய சேவையில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு கற்பிக்கப்பட்டது. வேளாண்மைக்கும் கிராமப் பொறியியலுக்கும் தனிப் படிப்புகள் இருந்தன. மாணவர் ஊர்களுக்குச் சென்று கணக்கெடுத்தனர்; உழைப்பில் பங்கேற்றனர். நோக்கத்தில் குறை காண இயலாது.

ஆயினும் ஒரு கேள்வி தொடக்கமுதலே எழுந்தது. இப்பட்டயம் பி.ஏ. பட்டத்திற்கு நிகரானதா? வேலை கொடுப்போர் இதை ஏற்பார்களா? பெற்றோரும் மாணவரும் இதையே கேட்டனர். அக்கேள்வியில் நியாயமும் இருந்தது. பயின்றவனும் பிழைக்க வேண்டுமன்றோ? நாளடைவில் இந்நிறுவனங்களில் பல, வழக்கமான பல்கலைக்கழகங்களோடு இணைந்து வழக்கமான பட்டங்களை அளிக்கும் கல்லூரிகளாயின. காந்திகிராமம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகித் தன் கிராமிய நோக்கைக் காக்க முயன்றுவருகிறது. ஆயினும் கிராமத்திற்கென வகுக்கப்பட்ட படிப்பு பலருக்கு நகரத்திற்குச் செல்லும் வழியாக அமைந்ததை மறுக்க முடியாது.

3. திருப்பூர் எழுப்பும் இரு கேள்விகள்

அவினாசிலிங்கனார் பிறந்த ஊரோ வேறு வழியில் வளர்ந்தது. காந்தியடிகள் காலத்தில் கதர்ப் பணியின் தமிழ்நாட்டு நடுவிடமாக விளங்கிய திருப்பூர், பின்னர்ப் பின்னலாடைத் தொழிலில் ஓங்கியது. அதன் முதலாளிகளுள் பலர் தோட்டத்தில் உழைத்த உழவர் குடும்பங்களிலிருந்து தொழிலாளராக வந்து, படிப்படியாக உடைமையாளரானவர்கள் என்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். எந்தக் கல்லூரியும் இவர்களைப் பயிற்றுவிக்கவில்லை. அவர்களுக்கு நிலமும் உறவும் பிணையாக நின்றன.

இங்கேதான் முதற் கேள்வி எழுகிறது. நிலமற்றவருக்குப் பிணையாக நின்றவர் யார்? அந்த உழவர்களின் பண்ணைகளில் வேலை செய்த அருந்ததியர் முதலான மக்களுக்கு ஊர் என்பது இரட்டைக் குவளையும் தனிச் சுடுகாடும் ஆகும். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைக் கடுமையாகச் சாடியதன் காரணம் இதுவே. பனியன் கம்பெனியின் வாரச் சம்பளம் இம்மக்களுக்கு ஒரு விடுதலையாகவும் வந்தது. கொங்கு நாட்டில் நம் சபையார் பலர் இக்குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ‘கிராமத்திற்குத் திரும்புங்கள்’ என்று இவர்களின் பிள்ளைகளிடம் நாம் எளிதாகச் சொல்லிவிட முடியாது. எத்தகைய கிராமத்திற்கு என்று அவர்கள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

இரண்டாம் கேள்வி நொய்யல் ஆற்றிலிருந்து எழுகிறது. பாசனத்திற்கென அந்த ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. அணையைக் கட்டியவர்களும் சாயத்தொழிலை நடத்தியவர்களும் தத்தம் துறையில் தேர்ந்தவர்களே. ஆயினும் ஆற்றை நம்பிய உழவர்கள் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் கழிவுநீர் விதிகளை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. தேர்ச்சி பெற்றவர் யாருக்குக் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதை இந்நிகழ்ச்சி நம்மைக் கேட்கச் செய்கிறது.

4. நம் கல்லூரிகளும் நம் சபைகளும்

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இது. பாடத்திட்டத்தின் சிறப்பு மட்டும் ஒரு பயிற்சியை நிலைநிறுத்துவதில்லை. பயின்றவர் எதனால் பிழைப்பார், எங்கே குடியிருப்பார், யாருக்குப் பதில் சொல்வார் என்ற மூன்றையும் முன்னரே தீர்த்துக்கொண்ட பயிற்சியே ஊரில் தங்கியது. மார்த்தாண்டத்தில் பலருக்கு இவை தீர்ந்திருந்தன. 1956இன் நிறுவனங்களில் இவை மாணவரின் தனிப்பட்ட கவலையாக விடப்பட்டன.

இதைச் சொல்லும்போது நாம் பிறரை மட்டும் குறை கூறவியலாது. கிராமச் சபைக்கு மாற்றல் என்றால் அதைத் தண்டனையாகக் கருதும் வழக்கம் நம்மிடையே இல்லையா? நல்ல தேர்ச்சி பெற்ற மாணவனை நகரச் சபைக்கே நாம் பரிந்துரைக்கிறோம். நாமும் அவ்வாறு செய்ததுண்டு. ஆயரும் ஒரு தொழிற்பயிற்சி பெற்றவரே என்பதை மறந்து, மருத்துவரும் ஆசிரியரும் ஊரில் தங்கவில்லை என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம்.

நெகேமியா அரண்மனைப் பணியிலிருந்து எருசலேமுக்கு வந்தவர். அவர் முதலில் இரவில் சென்று இடிந்த மதிலைத் தாமே பார்வையிட்டார். பின்னரே மக்களிடம் பேசினார். மதிலைக் கட்டியோருள் பலர் தத்தம் வீட்டிற்கு எதிரே உள்ள பகுதியைக் கட்டினர். வெளியிலிருந்து வந்த தேர்ச்சியும் அங்கேயே வாழ்வோரின் உழைப்பும் அங்கே இணைந்தன.

இன்று திருப்பூர்ச் சுற்றுவட்டார ஊர்களில் ஒரு புதிய நிலை தோன்றியுள்ளது. இருபது ஆண்டு ஓவர்லாக் தையலிலும் கட்டிங்கிலும் செக்கிங்கிலும் தேர்ந்த ஆண்களும் பெண்களும் வயது முதிர்ந்து ஊர் திரும்புகின்றனர். சிறு தையற்கூடங்கள் கிராமங்களுக்கே வந்துள்ளன. இவர்களிடம் சான்றிதழ் இல்லை. ஆனால் கைத்தொழிலும் கணக்கும், கூலி பேசும் துணிவும் உண்டு. கிராமத்திற்குத் தேவையான தேர்ச்சி பெற்றவர்களைத் தேடும் நாம், இவர்களைப் பார்த்தும் பாராமலிருக்கிறோம்.

ஆகவே நம் மாணவர் இறுதியாண்டில் எழுதும் ஆய்வுகளில் ஒன்றேனும் இத்தகைய ஓர் ஊர்த்தொகுதியில் தங்கி எழுதப்படட்டும். யாரிடம் நிலம் உண்டு, யார் கடனில் உள்ளார், யார் எத்தொழில் அறிவார் என்று சபையாரோடு சேர்ந்து கணக்கெடுக்கட்டும். அக்கணக்கை முதலில் அவ்வூரின் எளியவர் முன் படித்துக் காட்டட்டும். அங்கேயே அடுத்த ஐந்தாண்டு பணிபுரிய விரும்பும் மாணவனுக்குச் சம்பளத்திலும் மதிப்பிலும் குறை வராதபடி காக்க நம் மறைமாவட்டங்கள் ஆயத்தமா என்பதை, ஆயர்களும் ஆசிரியர்களும் கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டும். அத்தீர்மானம் இன்றி நாம் மாணவரைக் கிராமத்திற்கு அனுப்புவோமாயின், 1956இல் நேர்ந்த பிழையையே மீண்டும் செய்தவர்களாவோம்.