ஆள் பார்த்து விற்ற வியாபாரம்

கேட்ட விலையைக் கொடுப்பவனுக்குப் பொருளைக் கொடுத்துவிடுவதே வியாபாரத்தின் ஆதி தர்மம் என்று உலகம் நம்பி வந்திருக்க, இத்தாலி தேசத்தில் மோதெனா நகரை அடுத்துள்ள மாரனெல்லோ என்னும் சிற்றூரில், முழுப் பணத்தையும் மேசைமேல் வைத்தவரிடம் கூடத் 'தங்களுக்கு இல்லை' என்று மரியாதை குன்றாமல் சொல்லி அனுப்பும் ஒரு சம்பிரதாயம் வேரூன்றி, அங்கிருந்து ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் பரவியிருக்கிறது. ஃபெராரி கம்பெனி எண்ணிக்கையை வரையறுத்துச் செய்யும் அபூர்வமான கார்களை விற்கும் முறையைத்தான் சொல்கிறேன். சந்தை கேட்பதில் ஒன்றைக் குறைத்தே செய்ய வேண்டும் என்று ஸ்தாபகர் என்ஸோ ஃபெராரி சொன்னதாக ஒரு வாக்கு வழங்குவதால், இந்தச் சம்பிரதாயத்தை அவருடைய தீர்க்கதரிசனம் என்று அபிமானிகள் கொண்டாடுகிறார்கள். பழைய வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. அவருடைய காலத்தில் செய்ததை விற்பதே பல சமயம் பெரும்பாடாக இருந்தது என்பதும், இன்றைய கட்டுப்பாடு அவர் மறைந்த பிறகு, தன் பொருளால் பிறர் கொழுத்ததைக் கம்பெனி கண்கூடாகக் கண்ட ஒரு காலத்தில் பிறந்தது என்பதும் தெரியவரும்.

1898-இல் மோதெனாவில் பிறந்து, 1929-இல் பந்தயக் குழு ஒன்றை அமைத்து, 1947-இல் தம் பெயரிலேயே கார் செய்யத் தொடங்கிய என்ஸோவுக்குப் பந்தயமே உபாசனை. சாலையில் ஓட்டுவதற்கான கார்களை அவர் விற்றதெல்லாம் அந்த உபாசனைக்கு வேண்டிய திரவியத்தைச் சேர்ப்பதற்காகத்தான். அரசர்களும் சினிமா டைரக்டர்களும் மாரனெல்லோவுக்கு வந்து அவருடைய அறை வாசலில் காத்திருந்ததுண்டு. டிராக்டர் செய்து செல்வந்தரான ஃபெருச்சியோ லம்போர்கினி தம் காரின் கிளட்சைப் பற்றிக் குறை சொல்லப்போய், அவமதிப்பைப் பெற்றுத் திரும்பி, 1963-இல் தாமே ஒரு கார்க் கம்பெனியைத் தொடங்கினார் என்ற கதை எவ்வளவு தூரம் மெய்யோ, எவ்வளவு தூரம் பின்னால் மெருகேற்றியதோ, அந்த வாசலின் சுபாவத்தை மட்டும் அது சரியாகவே காட்டுகிறது. ஆயினும் அது ஒரு மனிதரின் முன்கோபமே தவிர, வியாபாரத்தின் விதி ஆகிவிடவில்லை.

1962-இல் வெளிவந்த '250 ஜிடிஓ' என்னும் காரை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பந்தய வகுப்பில் சேர 100 கார்கள் செய்திருக்க வேண்டும் என்பது சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் விதி. இது புதிய கார் அன்று, பழைய 250-இன் திருந்திய வடிவமே என்று வாதாடி, மூன்று லிட்டர் எஞ்சினோடு மொத்தம் 36 கார்களை மட்டுமே செய்து என்ஸோ காரியத்தை முடித்துக்கொண்டார். அமெரிக்காவில் அதன் விலை சுமார் 18,000 டாலர். வாங்க விரும்புகிறவர் அங்கே ஃபெராரியின் பிரதிநிதியாக இருந்த லூயிஜி கினெட்டியின் சம்மதத்தையும் பெற வேண்டியிருந்தது. கினெட்டி லேசான ஆள் அல்லர். லெ மான் 24 மணிப் பந்தயத்தில் மூன்று முறை வென்றவர். 1949-இல் ஃபெராரிக்கு அங்கே முதல் வெற்றியைத் தேடித் தந்தவரும் அவரே. ஆள் பார்த்து விற்கும் வழக்கத்தின் வித்து இங்கே இருக்கிறது என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் அன்று பார்க்கப்பட்டது வந்தவர் அந்தக் காரைப் பந்தயத்தில் ஓட்டி வெல்வாரா, கம்பெனியின் பெயரைக் காப்பாற்றுவாரா என்பதே. அவருடைய வீட்டில் இன்னும் எத்தனை ஃபெராரிகள் நிற்கின்றன என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பந்தயத்தில் பயன் தீர்ந்தபின் அந்தக் கார்களைச் சீந்துவாரில்லை. டெக்ஸாஸ் மாநிலத்தின் விக்டோரியா நகர் உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு ஒரு ஜிடிஓ தானமாகப் போய்ச் சேர்ந்து, மெக்கானிக் வேலை பயிலும் மாணவர்களின் கையில் சில காலம் இருந்துவிட்டு, 1972-இல் 6,500 டாலருக்கு விற்கப்பட்டது. அதே வகைக் கார் ஒன்று 2018-இல் கலிபோர்னியாவில் ஏலம் போன தொகை 4 கோடியே 84 லட்சம் டாலர். கினெட்டியே விரும்பிக் கேட்டுச் செய்வித்த, மேற்கூரை மடங்கும் 275 ஜிடிபி கார்களின் கதியும் ஏறக்குறைய இதுதான்: 1967-இல் 25 செய்வதாகத் திட்டமிட்டு, வாங்க ஆள் கிடைக்காமல் பத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்று அந்தப் பத்தின் அருமையைப் பேசுகிறவர்கள், அது யாரும் திட்டமிட்டு உண்டாக்கிய அருமை அன்று என்பதை மறந்துவிடுகிறார்கள்.

திருப்பம் 1987-இல் நேர்ந்தது. கம்பெனியின் நாற்பதாம் ஆண்டை ஒட்டி 'எஃப் 40' வெளிவந்தது. மறு ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் தேதி என்ஸோ தமது தொண்ணூறாம் வயதில் காலமானார். கிழவரின் கண்காணிப்பில் உருவான கடைசிக் கார் என்ற கீர்த்தியும், பங்குச் சந்தையில் அப்போது புரண்ட பணமும் ஒன்று சேரவே, காரைக் கண்ணால் காணாதவர்கள் கூட அதற்கான முறைச் சீட்டை ஒருவருக்கொருவர் விற்கத் தொடங்கினார்கள். பந்தய வீரர் நைஜல் மான்செல் தம்மிடமிருந்த எஃப் 40-ஐ 1990-இல் பத்து லட்சம் பவுனுக்கு விற்றார். முதலில் நானூறு அளவில் நினைத்திருந்த கம்பெனி, ஆசைக்கு அணை போடாமல் 1,300-க்கும் மேல் செய்தது. ஆனால் பட்டியல் விலைக்கும் தெரு விலைக்கும் இடையிலிருந்த அந்தப் பெரும் தொகையில் ஒரு காசு கூட மாரனெல்லோவுக்கு வரவில்லை. இடையில் நின்றவர்களே அதைத் தின்றார்கள்.

இதே மயக்கத்தில் இங்கிலாந்தின் ஜாகுவார் கம்பெனி சிக்கிக்கொண்ட கதை இன்னும் விசேஷமானது. 1988-இல் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினோடும் நான்கு சக்கர இயக்கத்தோடும் 'எக்ஸ்ஜே 220' என்ற காரைக் காட்சிக்கு வைத்து, பின்னர் தலைக்கு 50,000 பவுன் முன்பணமும் வாங்கிக்கொண்டு, 1992-இல் கொண்டுவந்து நிறுத்தியபோது அதில் இருந்தவை ஆறு சிலிண்டரும் இரு சக்கர இயக்கமுமே. அதற்குள் பொருளாதார மந்தமும் வந்துவிட்டது. கைமாற்றி லாபம் பார்க்கலாம் என்று முன்பணம் கட்டியிருந்தவர்கள், காட்டியது ஒன்று கொடுப்பது ஒன்று என்று நீதிமன்றம் ஏறினார்கள். 300-ஐக் கூட எட்டாமல் உற்பத்தி நின்றது. முன்பணத்தோடு வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் வாங்குகிறவர்கள் அல்லர் என்ற பாடத்தை மோட்டார் உலகம் இதைவிட அதிக விலை கொடுத்துக் கற்றதாகத் தெரியவில்லை.

1991-இல் ஃபெராரியின் தலைமைக்கு வந்த லூக்கா தி மோன்டெஸெமோலோ இதையெல்லாம் நேரில் கண்டவர். 1995-இல் வந்த 'எஃப் 50' 349-க்கு மேல் இல்லை என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. என்ஸோவின் வாக்கு என்று சொல்லப்படும் அந்த ஒன்று குறைத்தல் மேடைக்கு வந்து கொள்கையானது இந்தக் காரோடுதான். அமெரிக்காவில் அதை வாங்கியவர்களுக்கு முதலில் இரண்டாண்டுக் குத்தகையே கிடைத்தது. தனக்குச் சொந்தமாகாததை ஒருவன் விற்க முடியாதல்லவா? 2002-இல் வந்த 'என்ஸோ' காருக்கு விளம்பரமும் வேண்டியிருக்கவில்லை. எஃப் 40-ஐயும் எஃப் 50-ஐயும் வாங்கியிருந்தவர்களுக்கு அழைப்புக் கடிதம் போயிற்று. 349 கார்களும் செய்யத் தொடங்குமுன்பே தீர்ந்தன. வேண்டிக் கேட்டவர்களுக்காக மேலும் ஐம்பது செய்தார்கள். பிறகு நானூறாவதாக ஒன்று போப்பாண்டவருக்குக் காணிக்கையாயிற்று. 2005-இல் அது ஏலம் விடப்பட்டு, நம் நாகப்பட்டினக் கரையையும் சூறையாடிய ஆழிப்பேரலையில் பாதிக்கப்பட்டவர்களுக்காக அந்தப் பணம் அளிக்கப்பட்டது.

உச்சிக் கார்கள் யாருக்கு என்பதை மாரனெல்லோ தன் கையிலேயே வைத்துக்கொண்டது. அதற்கு ஒரு படி கீழே உள்ள விசேஷ மாடல்களில்தான் டீலரின் சாமர்த்தியம் வெளிப்படுகிறது. கேட்கிறவர் நாற்பது பேர், கைக்கு வரப்போவது நான்கு கார் என்னும்போது அவர் புரட்டுவது காத்திருப்போர் பட்டியலை அன்று. அப்படி ஒன்று இருந்தாலும் அதில் முதலில் பெயர் கொடுத்தவருக்கு முதலில் கிடைக்கும் என்று நினைப்பவர் புதியவரே. இவர் நம்மிடம் புதிதாக வாங்கியவை எத்தனை, விற்றபோது நம்மிடமே விற்றாரா அல்லது வெளித் தரகரிடம் போனாரா, எளிதில் விலை போகாமல் கடையில் நின்ற நான்கு இருக்கைக் காரை நம் வேண்டுகோளுக்கு இணங்கி எடுத்துக்கொண்டவர் யார், வர்ணத்துக்கும் தோலுக்கும் கூடுதலாகச் செலவழித்தவர் யார் என்பவையே அங்கே கணக்கு. ஆக, கிடைப்பதற்கு அரிய காரின் உண்மை விலை அதன் பட்டியலில் இல்லை. வேண்டாத கார்களுக்குக் கொடுத்த விலையையும், அவற்றை விற்றபோது பட்ட நஷ்டத்தையும் சேர்த்தே கூட்ட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் வாடிக்கையாளர் கையில் உரிமைச் சீட்டு எதுவும் இருப்பதில்லை. நம்பிக்கை மட்டுமே இருக்கிறது. இதை விசுவாசம் என்ற கௌரவமான பெயரால் அழைக்கிறார்கள். ஒரு கட்சியை மட்டுமே கட்டுப்படுத்தும் விசுவாசத்துக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

மற்றவர்களும் இந்த வழியைப் பற்றிக்கொண்டார்கள். போர்ஷே கம்பெனி 2016-இல் 991 மட்டுமே செய்த '911 ஆர்' காரை '918 ஸ்பைடர்' வைத்திருந்தவர்களுக்கே முதலில் காட்டியது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஃபோர்டு, தனது 'ஜிடி' காருக்கு வேலைக்கு மனுப் போடுவதைப் போல விண்ணப்பம் கேட்க, 500 கார்களுக்கு 6,506 பேர் விண்ணப்பித்தார்கள். இரண்டாண்டுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறியதாக மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனாமீது அந்தக் கம்பெனி 2017-இல் வழக்கே தொடுத்தது. மறு ஆண்டு, ஒரு தொகை தர்மத்துக்குப் போவதோடு அது சமாதானத்தில் முடிந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு வழக்கு உண்டு. பல ஃபெராரிகளை வைத்திருந்த, எண்பது வயதைக் கடந்த புளோரிடா மாநிலத்துச் சேகரிப்பாளர் ஒருவர், 2016-இல் மேற்கூரையில்லாத 'லாஃபெராரி அபெர்ட்டா' வேண்டுமென்று பத்து லட்சம் டாலருக்குக் காசோலையைக் கம்பெனித் தலைவருக்கே அனுப்பிவைத்தார். காசோலை திரும்பி வந்தது. அந்தக் காருக்குத் தாம் தகுதியற்றவர் என்று சொல்லித் தம் மதிப்பைக் குலைத்துவிட்டார்கள் என்று அவர் வழக்குத் தொடுத்தார். கார் கிடைக்காததற்கு மானநஷ்டமா என்று சிரிக்கத் தோன்றலாம். ஆனால் கோயில் பரிவட்டம் தமக்கு முதலில் கட்டப்படவில்லை என்று தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறிய குடும்பங்களை அறிந்த நமக்கு அந்த மனத்தாங்கல் புரியாததன்று. வழக்கைச் சில நாளில் அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். அபெர்ட்டா 209-க்கு மேல் இல்லை என்று சொல்லியிருந்த கம்பெனி, மறு ஆண்டு செப்டம்பரில், தன் எழுபதாம் ஆண்டு விழாவில், குழந்தைகள் நலத் தர்மத்துக்காக 210-ஆவது ஒன்றைச் செய்வதாக அறிவித்து ஏலம் விட்டது. வாங்குகிறவரின் முந்தைய கார்களின் கணக்கு எதுவும் அங்கே கேட்கப்படவில்லை; கடைசியாகக் கையை உயர்த்தியவர் 83 லட்சம் யூரோவுக்கு அதை எடுத்துக்கொண்டார்.