ஒருவழிப் படலை: குறைகடத்திச் சந்தியின் வரலாறு

எமது பகுதியில் நெல்லியடிச் சந்தியை அறியாதார் இலர். பருத்தித்துறையிலிருந்து வருவோரும் யாழ்ப்பாணத்திலிருந்து வருவோரும் அங்கே கூடிப் பிரிவர். எவரும் எத்திசையிலும் போகலாம், வரலாம். ஆனால், இப்பக்கத்தார் அப்பக்கம் போகலாம், திரும்பி வரலாகாது என்று விதியுள்ள ஒரு சந்தி இருக்குமாயின் அஃது எத்தன்மைத்தாகும்? அத்தகைய சந்தியொன்றையே பௌதிக நூலார் சிலிக்கன் என்னும் பொருளிலே கண்டனர். உயர்தர வகுப்பு மாணவர் அதன் சமன்பாட்டை மனனஞ் செய்கின்றனர். அதன் வரலாறு பரீட்சைக்கு வேண்டப்படாமையால் அதனைக் கேட்பார் இல்லை.

இவ்வரலாற்றை நாம் இங்கு எடுத்துக்கொண்டமைக்கு வேறொரு காரணமும் உண்டு. எம்மிடையே இரு கட்சியார் உளர். மேனாட்டார் கண்டவையெல்லாம் நம்மவர் முன்னரே கண்டவை என்பார் ஒரு சாரார். நம்மவர் எதனையும் கண்டிலர், பிறர் செய்ததை வாங்கிப் பயன்படுத்துதலே எம் தொழில் என்பார் மறுசாரார். சந்தியின் கதையை நடந்தவாறே சொன்னால் இவ்விரு கட்சியாருக்கும் அதில் மறுமொழி உண்டு.

செம்பு போன்றவை மின்னைக் கடத்துவன. கண்ணாடி போன்றவை கடத்தா. அவற்றைக் காவலி என்கிறோம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை குறைகடத்திகள். உலோகம் சூடேறினால் அதன் தடை கூடும். ஆனால், 1833 இல் பரடே என்னும் பேரறிஞர் வெள்ளிச் சல்பைட்டைச் சூடாக்கியபோது அதன் தடை குறையக் கண்டு வியந்தார். பின்னர் 1874 இல் ஜேர்மனியின் இலைப்சிக் நகரில் பாடசாலை ஆசிரியராக இருந்த பேர்டினந்து பிறவுன் என்னும் 24 வயது இளைஞர், உலோகச் சல்பைட்டுக் கற்களின் மீது கம்பிமுனையை ஊன்றி மின்னைச் செலுத்தினார். ஒரு திசையில் மின் எளிதாகச் சென்றது. மறு திசையில் தயங்கிற்று. காரணம் அவருக்கும் தெரியவில்லை, அக்காலத்து வேறெவருக்கும் தெரியவில்லை. தெரிவதற்கு இலத்திரன் என்ற ஒன்று கண்டுபிடிக்கப்பட்டிருக்கவுமில்லை.

இனி எமது பக்கத்துக்கு வருவோம். ஜகதீச சந்திர போஸ் 1858 இல் வங்காளத்திற் பிறந்தவர். கேம்பிரிட்ஜிற் கற்று மீண்டு, 1885 இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிக ஆசிரியரானார். அதே பணிக்கு ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம் என்றிருந்த காலம் அது. போஸ் அக்குறைந்த சம்பளத்தைத் தொடவில்லை. மூன்றாண்டு ஊதியமின்றியே படிப்பித்தார். ஈற்றில் அரசினர் இணங்கி முழுச் சம்பளத்தையும் நிலுவையுடன் கொடுத்தனர். ஆராய்ச்சிக்கென வசதி எதுவுமில்லாத கல்லூரியிலே, உள்ளூர்த் தகரத் தொழிலாளியைக்கொண்டு கருவிகள் செய்வித்து, 5 மில்லிமீற்றர் அளவான மிகக் குறுகிய மின்னலைகளை உண்டாக்கினார். 1895 இல் கல்கத்தாவில் அவ்வலைகளைச் சுவர்களுக்கு ஊடாகச் செலுத்தித் தூரத்தே மணி ஒலிக்கவும் வெடிமருந்து வெடிக்கவும் செய்து காட்டினார்.

ஒரு கால ஒற்றுமையை இங்கே குறித்தல் தகும். 1897 சனவரி இறுதியில் சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணத்தில் பேருரை ஆற்றிக் கடல் கடந்து பாம்பனுக்குச் சென்றார். அதே வாரத்தில், சனவரி 29 ஆம் நாள், இலண்டன் இறோயல் நிலையத்தில் போஸ் தம் மின்னலைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். மூன்று மாதங் கழித்து அதே மண்டபத்தில்தான் தொம்சன் என்பார் இலத்திரனை உலகிற்கு அறிவித்தார்.

அலைகளை உண்டாக்கினால் மட்டும் போதாது, அவற்றை உணரவும் வேண்டும். அதற்கெனப் போஸ் பல பொருள்களைச் சோதித்து, கலீனா என்னும் ஈயச் சல்பைட்டுக் கல்லின் மீது உலோக முனையை ஊன்றிய உணர்கருவியொன்றைச் செய்தார். அது மின்னலைக்கும் இணங்கிற்று, ஒளிக்கும் இணங்கிற்று. அறிவை விலைப்படுத்தலாகாது என்னும் கொள்கையுடைய அவர் உரிமைப் பத்திரம் எடுக்க விரும்பவில்லை. விவேகானந்தரின் சீடரான சேரா புல் அம்மையாரின் வற்புறுத்தலினாலேயே 1901 செப்டெம்பர் 30 இல் அமெரிக்காவில் விண்ணப்பம் செய்யப்பட்டது; 1904 மார்ச்சு 29 இல் உரிமையும் கிடைத்தது. குறைகடத்திக் கருவியொன்றுக்கு வழங்கப்பட்ட முதல் உரிமைகளுள் ஒன்று அது. போஸ் அதனாற் பொருள் தேட முயன்றாரில்லை.

ஆகவே சந்தியைக் கண்டவர் போஸ் எனலாமா? ஆகாது. அவர் கண்டது உலோகமும் கல்லும் தொடும் இடத்தின் இயல்பு. நாம் இன்று சந்தி என்பது ஒரே பளிங்கினுள் இருவகைப் பகுதிகள் கூடுமிடம். கல்லினுள் மின்னைக் காவுவது யாதென்பதும் அவருக்குத் தெரியாது. அவருக்கு உரியது, குறைகடத்திப் பளிங்கை மின்னலை உணரப் பயன்படுத்திய முதன்மை. இதனை 1955 இல் குறைகடத்தி ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதிய பியர்சன், பிறற்றெயின் என்னும் அமெரிக்க அறிஞர் இருவரும் ஒப்புக்கொண்டனர். உள்ள புகழே இவ்வளவு பெரிதாயிருக்க, இல்லாததையும் சேர்த்துச் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதையன்று.

பின்னர் வெற்றிடக் குழாய்கள் வந்தன. கொழும்பில் எட்வேட் ஹாப்பர் 1925 டிசெம்பர் 16 இல் வானொலி ஒலிபரப்பை ஒழுங்காகத் தொடங்கியபோது குழாயின் காலம் வந்துவிட்டது. கல் மெல்ல மெல்ல விளையாட்டுப் பொருளாயிற்று. அதனை மீண்டும் மதிப்புறச் செய்தது றேடார். மிகக் குறுகிய அலைகளை உணர்வதற்குக் குழாய் ஏலாது, கல்லே ஏலும். போஸ் ஆராய்ந்த குறுகிய அலைகளை நோக்கி நாற்பதாண்டின் பின் உலகம் திரும்பிற்று.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் றசல் ஓல் என்பவர் இதற்காகச் சிலிக்கனைச் சுத்திகரித்துச் சோதித்துக்கொண்டிருந்தார். 1940 பெப்ரவரி 23 இல் நடுவே வெடிப்பு விழுந்த ஒரு சிலிக்கன் துண்டில் வெளிச்சம் பட்டபோது ஏறக்குறைய அரை வோற்று மின்னழுத்தம் எழக் கண்டார். உருகிய சிலிக்கன் உறையும்போது அதனுள் இருந்த மாசுகள் பிரிந்து, ஒரு பாதியில் ஒரு வகையும் மறுபாதியில் வேறொரு வகையும் மிகுந்துவிட்டன என்பது பின்னர் விளங்கிற்று. ஒரு மாசு பொசுபரசு என்பதைக் கண்டதுதான் வேடிக்கை. இரசாயனச் சோதனைக்கு அகப்படாத அச்சிறு அளவை, துண்டை அறுக்கும்போது எழுந்த நாற்றத்தைக்கொண்டு உலோகவியலார் மோப்பம் பிடித்தனர்! இருபாதிகளுக்கும் ‘பீ’ வகை, ‘என்’ வகை என்று பெயரிட்டனர். ‘என்’ என்றதை எனது என்று கொண்டு இளைஞர் மயங்கற்க. அஃது ஆங்கில எழுத்தின் பெயர், எதிர் ஏற்றத்தைக் குறிப்பது.

சிலிக்கன் அணு ஒவ்வொன்றும் நான்கு கைகளால் அயலார் நால்வரைப் பற்றி நிற்பது. இலத்திரன்களே அக்கைகள். தூய சிலிக்கனில், அறை வெப்பநிலையில், ஏறக்குறைய ஐந்து இலட்சங் கோடி அணுக்களுக்கு ஓர் இலத்திரனே பிடி நழுவித் திரியும். ஆதலால் மின் அரிதாகவே செல்லும். ஐந்து கையுடைய பொசுபரசை 50 இலட்சம் அணுக்களுக்கு ஒன்று வீதம் கலந்தால், ஐந்தாவது கை பற்றுவதற்கு ஆளின்றி விடுபடும். திரியும் இலத்திரன்கள் பத்து இலட்சம் மடங்காகும். இது ‘என்’ வகை. மூன்று கையுடைய போரனைக் கலந்தால் ஒரு கை குறைந்து வெற்றிடம் விழும். அவ்வெற்றிடத்திற்குத் துளை என்று பெயர். துளைகள் மிகுந்தது ‘பீ’ வகை.

வெற்றிடம் எங்ஙனம் மின்னைக் காவும்? கோயில் மடத்துப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பாயசம் வரும் தலைப்பக்கத்தில் ஒருவர் எழுந்து போகிறார். அடுத்தவர் அவ்விடத்துக்கு நகர்கிறார். அவர் விட்ட இடத்துக்கு அதற்கடுத்தவர். ஆட்கள் ஒவ்வோர் இடமே முன்னே நகர்ந்தார்கள். ஆனால் வெற்றிடமோ தலையிலிருந்து கடைசிவரை ஓடிவிட்டது. எதிரேற்றமுள்ள இலத்திரன்கள் இங்ஙனம் ஒருபுறம் நகர, துளை மறுபுறம் நேரேற்றமுள்ள காவி போல நகர்கிறது. இக்கருத்தை 1929 இல் பையெர்ல்சும் 1931 இல் ஐசன்பேர்க்கும் விளக்கினர். அக்காலத்திலேயே வேறொரு துறையில் துளைக் கொள்கையை வகுத்தவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் டிராக். அவரிடம் பயின்றவர் எம் நாட்டுத் தமிழரான பேராசிரியர் எலியேசர் என்பது எம் இளைஞர் அறியத்தக்கது.

இனி இருவகையும் கூடும் சந்தியைக் காண்போம். மடத்தின் ஒரு மூலையில் இட்ட சாம்பிராணிப் புகை, தள்ளுவார் இல்லாமலே மண்டபமெங்கும் பரவுவதன்றோ? அங்ஙனமே ‘என்’ பக்கத்து இலத்திரன்கள் ‘பீ’ பக்கத்துக்கும், ‘பீ’ பக்கத்துத் துளைகள் ‘என்’ பக்கத்துக்கும் பரவும். எல்லையருகே ஒன்றையொன்று சந்தித்து மறையும். ஆனால், விட்டுவந்த பொசுபரசு அணுக்களும் போரன் அணுக்களும் அசையா. நட்ட கதியால் போல நின்ற இடத்திலேயே நிற்கும். இலத்திரனை இழந்த பொசுபரசு நேரேற்றமும், இலத்திரனை ஏற்ற போரன் எதிரேற்றமும் பெற்று, எல்லையின் இருமருங்கும் ஒரு வேலி தானாகவே எழுகின்றது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உயரம் ஏறக்குறைய 0.7 வோற்று. அவ்வேலி மேலும் பரவ முயல்வாரைத் திருப்பி அனுப்பும். அதே வேளை, தப்பித் தவறி எல்லைக்கு வந்த சிறுபான்மைக் காவிகளை, அஃதாவது ‘பீ’ பக்கத்திற் பிறந்த இலத்திரனையும் ‘என்’ பக்கத்திற் பிறந்த துளையையும், இழுத்து மறுபக்கம் சேர்க்கும். பரவும் ஓட்டமும் இழுபடும் ஓட்டமும் சமமாகி எதிர்த்து நிற்பதால் வெளியே மின்னோட்டம் இல்லை. ஓய்வு போலத் தோன்றினும் உள்ளே ஓய்வே கிடையாது.

பற்றரியின் நேர்முனையைப் ‘பீ’ பக்கம் தொடுத்தால் வேலி தாழும். தாழ்ந்த வேலியைத் தாண்டுவோர் தொகை சிறிது சிறிதாகக் கூடுவதில்லை, 0.06 வோற்றுக்கு ஒருமுறை ஏறக்குறையப் பத்து மடங்காகப் பெருகும். மாறித் தொடுத்தால் வேலி உயரும், பரவுவார் நின்றுவிடுவர். ஆனால் இழுபடும் சிறுபான்மையோர் நிற்பதில்லை. அவர்களுக்கு வேலி ஏற்றமன்று, இறக்கம். இறக்கத்தை இன்னும் செங்குத்தாக்கினாலும் வந்து விழுவோர் தொகை மிகாது. அது வெப்பம் உண்டாக்கும் தொகையையே பொறுத்தது. அதனாலேயே பின்னோக்கிய ஓட்டம் மிகச் சிறியதாகவும், அழுத்தத்தைக் கூட்டினாலும் பெரிதும் மாறாததாகவும் இருக்கின்றது. ஒருபுறம் மாத்திரம் திறக்கும் படலை இதுவே.

இக்கணக்கை 1949 இல் முழுமையாக வெளியிட்டவர் பெல் ஆய்வுகூடத்து வில்லியம் சொக்கிளி. 1947 டிசெம்பரில் அவருடைய கூட்டத்தவரான பாடீனும் பிறற்றெயினும் முதல் திரான்சிற்றரை இயக்கிக் காட்டினர். தம் கை அதிற் படவில்லையே என்னும் ஏக்கமே சொக்கிளியைச் சந்தித் திரான்சிற்றரைச் சிந்திக்க வைத்தது. சிறுபான்மைக் காவிகளே அதன் உயிர்நாடி என்று கண்டது அவருடைய மேதை. 1956 இல் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். (பின்னாளில் அவர் இனங்களைத் தரம் பிரித்துப் பேசித் தம் பெயரைக் கெடுத்துக்கொண்டார், அறிவும் பண்பும் ஒரு வீட்டில் வாழவேண்டுமென்று கட்டாயமில்லை போலும்.)

எம் மூத்தோர் சிலர் ஜேர்மானியத் திரான்சிற்றர் றேடியோக்களை நினைவுகூர்வர். அவை வெப்பத்தாற் சோர்வன. ஜேர்மானியத்தில் சிறுபான்மைக் காவிகள் மிகுதி. சூடேற அவை இன்னும் பெருகும். உலகம் சிலிக்கனுக்கு மாறியதன் காரணங்களுள் அதுவும் ஒன்று.

எனினும், எமது ஊருக்குச் சந்தியின் அருமை தெரிந்தது 1990 இற்குப் பின்னரே. அவ்வாண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூள, குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. பற்றரிகளும் தடைப்பட்ட பொருள்களாயின. இரவில் ஜாம் போத்தல் விளக்கு. செய்தி கேட்பதற்குச் சைக்கிள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, சுற்றியிருந்தோர் றேடியோவிற்குக் காதைக் கொடுத்திருந்த காட்சியை நாம் மறக்கவில்லை. டைனமோ தருவது முன்னும் பின்னுமாக ஆடும் ஓட்டம். றேடியோ கேட்பது ஒரே திசை ஓட்டம். இடையே இருந்து திருத்தியவை, பழுதான பெட்டிகளிலிருந்து கழற்றிய இருவாயிகள். நான்கினை இணைத்தால் இரு திசை ஓட்டமும் பயன்படும். ஆனால் மின் எப்போதும் இரண்டு வேலிகளைத் தாண்டவேண்டும். டைனமோவின் 6 வோற்றில் ஏறக்குறைய 1.4 வோற்று அங்கேயே போய்விடும். சுற்றியவரின் கைநோவில் ஒரு பங்கு சிலிக்கனின் வேலிக்குக் கொடுத்த வரி என்க.

இன்று எம்மூரில் சில வீடுகளின் கூரையிலே சூரியத் தகடுகள் காணப்படுகின்றன. ஓல் கண்ட அதே விந்தையை 1954 ஏப்பிரல் 25 இல் சாப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் பயன்தரும் மின்கலமாக்கிக் காட்டினர். அன்று வெயிலில் நூற்றுக்கு 6 பங்கே மின்னாயிற்று. இக்காலத் தகடுகள் 20 பங்குக்கு மேலும் தருவன. ஒளி விழுந்து பிடி நழுவச் செய்யும் இலத்திரனையும் அதன் துளையையும் சந்தியின் வேலி ஆளுக்கொரு பக்கமாக இழுத்துவிடுகிறது, அவ்வளவே. தகடு வாங்குவோர் ஒன்றை அறிந்திருத்தல் நன்று. வெயில் வேறு, சூடு வேறு. சூடேறினால் சிறுபான்மைக் காவிகள் தாமாகவே பெருகி, தகடு தரும் அழுத்தம் குறையும். தகட்டில் எழுதியுள்ள வலு 25 பாகை வெப்பநிலைக்குரியது; அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு 0.4 அளவில் இழப்பு உண்டு. சித்திரை நடுப்பகலில் தகடு 60 பாகையைத் தொட்டால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். ஆதலால், தகட்டை ஓட்டோடு ஒட்டிப் பூட்டாமல், கீழே காற்று ஓடுவதற்கு ஒரு சாண் இடைவெளி விடும்படி பூட்டுவோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.